ஒரு கண்ணு மட்டும் நீளமா வளந்த பொண்ணு: பாலக்கோடு பக்கத்து கேஸும் சுண்டெலி ஆராய்ச்சியும்

இந்த கேஸை முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். அபூர்வமான வியாதின்னு எல்லாம் இல்ல, பிறவி டோசிஸ், அதாவது பொறக்கும்போதே மேல் இமை தொங்கிட்டு இருக்கறது, எந்த கண் ஆஸ்பத்திரி ஓபிலயும் பாக்கலாம். ஆனா இந்த பொண்ணோட ரெண்டு கண்ணையும் தனித்தனியா அளந்து பக்கத்துல பக்கத்துல வச்சா, லேப்ல சுண்டெலிக்கு ஒரு கண்ணை மறைச்சிட்டு இன்னொன்னை அப்படியே விட்டு என்ன பாக்கறாங்களோ கிட்டத்தட்ட அதே கணக்கு வருது. அதனால கேஸையும் எலியையும் சேத்தே எழுதறேன். பேரு, ஊரு எதுவும் போடல, பாலக்கோடு பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், விஷன் சென்டர்ல உக்காந்து பவர் பாக்கற ஆளு, ஆபரேஷன் பண்றது டாக்டருங்க, அதையும் சொல்லிடறேன்.

என்ன பாத்தோம்

பொண்ணுக்கு 9 வயசு, நாலாவது படிக்கறா. பள்ளிக்கூடத்துல கண்ணு செக் பண்ணப்போ வலது கண்ணை மூடிட்டு படிக்க சொன்னா முதல் எழுத்தைத் தவிர ஒண்ணும் சொல்லலன்னு டீச்சர் எழுதி அனுப்பிச்சிருந்தாங்க. அம்மாவும் பாட்டியும் கூட்டிட்டு வந்தாங்க, அப்பா தக்காளி லோடு ஏத்தற நாள்னு வரல. உள்ள நுழையும்போதே தெரிஞ்சிடுச்சு, இடது இமை கண் பாப்பாவை, அதாவது கண்ணு நடுவுல இருக்கற கருப்பு வட்டத்தை, பாதிக்கு மேல மூடியிருக்கு, புருவத்தை தூக்கி தூக்கி நெத்தில அந்த பக்கம் மட்டும் கோடு விழுந்திருக்கு. பாட்டி சொன்னது, "பொறந்ததுல இருந்தே அப்படித்தான் சாமி, அவங்க தாத்தனுக்கும் ஒரு கண்ணு சின்னதுதான், அவரு எழுவது வயசு வரைக்கும் காடு ஓட்டலையா". சின்னதுல ஒரு எடத்துல காட்டியிருக்காங்க, வளந்தா சரியாகிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அதுக்கு மேல அவங்களை என்ன கேக்கறது.

வலது கண்ணு கண்ணாடி இல்லாம 6/6. அது முழு பார்வை. இடது 6/60, அதாவது மத்தவங்க 60 மீட்டர்ல படிக்கற எழுத்தை இவ 6 மீட்டர்லதான் படிப்பா, பின்ஹோல், அதாவது சின்ன ஓட்டை வழியா பாக்க வச்சாலும் பெருசா ஏறல. டோசிஸ்னா முதல்ல நரம்பு பிரச்சனையான்னு பாக்கணும், ரெண்டு பாப்பாவும் ஒரே சைஸ், வெளிச்சத்துக்கு ஒழுங்கா சுருங்குது, கண்ணு எல்லா பக்கமும் ஓடுது. சில குழந்தைகளுக்கு மெல்லும்போது தொங்கற இமை டப்புனு மேல எழும்பும், அதை பாக்க ஒரு கடலை மிட்டாய் குடுத்து மெல்ல சொன்னேன், அவளுக்கு ஒண்ணும் ஆகல, மிட்டாய்தான் காலி ஆச்சு. நெத்தியை அமுக்கி பிடிச்சிட்டு கீழ பாரு மேல பாருன்னா இமை 3 மில்லிமீட்டர்தான் ஏறுது, இமையை தூக்கற தசைக்கு வலு இல்லைன்னு அர்த்தம்.

சொட்டு மருந்து விட்டு பாப்பா விரிஞ்சப்புறம் கண்ணுக்குள்ள லைட் அடிச்சு பவர் கண்டுபிடிக்கற ரெட்டினோஸ்கோப் வச்சு பாத்தேன். வலது கண்ணுல வெளிச்சம் பளிச்சுனு, லைட்டை எந்த பக்கம் ஆட்டினா அதே பக்கம் ஓடுது, ரெண்டு லென்ஸ் மாத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு, +0.50. இடது கண்ணுக்கு நான் கட்டை விரலால இமையை தூக்கி பிடிச்சிட்டே பாக்க வேண்டியதா போச்சு, உள்ள வெளிச்சம் மங்கலா, மெதுவா, எதிர் பக்கம் நகருது. மைனஸ் லென்ஸை ஏத்திட்டே போறேன், ஏத்திட்டே போறேன், கடைசில -6.50, கூட -1.50 சிலிண்டர், அதாவது கண்ணோட வளைவு எல்லா பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால வர்ற பவர். டோசிஸ் கண்ணுல சிலிண்டர் எதிர்பாத்தேன், இமை கருவிழி (கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற பகுதி) மேல படுத்துட்டு இருந்தா வளைவு கொஞ்சம் மாறும், ஆனா இவ்வளவு மைனஸ், அதாவது கிட்டப்பார்வை, வரும்னு எதிர்பாக்கல.

மைனஸ் எங்க இருந்து வருதுன்னு பிரிச்சு பாக்காம கேஸ் முடியாது. கருவிழியோட வளைவு அதிகமா இருந்தாலும் மைனஸ் வரும், கண்ணு முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் நீளமா இருந்தாலும் வரும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி கருவிழி வளைவை அளக்கற கெரட்டோமெட்ரியும், கண்ணோட நீளத்தை அளக்கற ஏ-ஸ்கேனும் எடுத்தோம். கருவிழி பவர் வலது 43.50, இடது சராசரியா 44.50, வித்தியாசம் ஒரே ஒரு டயாப்டர் (பவரை அளக்கற அலகு). கண்ணோட நீளம் வலது 22.7 மில்லிமீட்டர், இடது 25.2. வித்தியாசம் 2.5 மில்லிமீட்டர். மனுஷ கண்ணுல ஒரு மில்லிமீட்டர் நீண்டா சுமாரா 2.5ல இருந்து 3 டயாப்டர் மைனஸ் கூடும், 2.7ன்னு வச்சா 6.7 ஆகுது. கருவிழியோட 1 சேத்தா 7.7. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சிலிண்டர்ல பாதி சேத்து பவர் வித்தியாசம் 7.75. கணக்கு இவ்வளவு அழகா ஒட்டி வர்றது அடிக்கடி நடக்காது, ஏ-ஸ்கேன்ல கை கொஞ்சம் அழுத்தினாலே நீளம் கொறஞ்சு காட்டும். எப்படி பாத்தாலும் இது நீளத்தால வந்த மைனஸ்.

குழந்தைக்கு ஒரு கண்ணு மட்டும் பெருசா வளந்தா கிளாக்கோமா இருக்கான்னு கட்டாயம் பாக்கணும், சின்ன வயசுல உள்ள பிரஷர் கூடினாலும் கண்ணு உப்பும். ரெண்டு கருவிழியும் 11.5 மில்லிமீட்டர், பிரஷர் நார்மல், நரம்புல குழி இல்ல. பரம்பரையா வர்ற பெரிய மைனஸ்னா பெரும்பாலும் ரெண்டு கண்ணுக்கும் வரும், அம்மா அப்பா ரெண்டு பேருமே கண்ணாடி போடாதவங்க. இடது ரெட்டினா கொஞ்சம் மெலிஞ்சு, நரம்பு ஓரத்துல ஒரு பிறை மாதிரி, நீளமான கண்ணுல இருக்கறதுதான், ஓட்டை கிழிசல் எதுவும் இல்ல. ஆக மிச்சம் நிக்கறது ஒரே விஷயம், ஒன்பது வருஷமா அந்த கண்ணுக்கு முன்னாடி தொங்கற இமை.

எலி ஏன் உள்ள வருது

இமை தொங்கினா கண்ணு எதுக்கு நீளமாகணும்? கூட வேலை செய்யற ஒருத்தர் "இமையோட பாரம் அழுத்தி அழுத்தி கண்ணு பின்னாடி நீண்டிருக்கும்"னாரு. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா இதுக்கு பதில் நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. 1977ல வீசல், ரவியோலான்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க குட்டி குரங்குக்கு ஒரு பக்க இமையை தைச்சு விட்டு பாத்தாங்க, மூடின கண்ணு நீளமாகி மைனஸ் ஆயிடுச்சு. அதே தையலோட குரங்கை இருட்டுல வளத்தா நீளல. பாரம்தான் காரணம்னா இருட்டுலயும் நீண்டிருக்கணுமே. அப்புறம் இமையை தொடாம கருவிழியை மட்டும் மங்கலாக்கி பாத்தாங்க, அதுலயும் நீண்டுச்சு. அதாவது வெளிச்சம் உள்ள போகுது, உருவம் தெளிவா விழல, அந்த நிலைமைதான் கண்ணை நீள வைக்குது.

கோழிக்குஞ்சுல இன்னும் தூரம் போனாங்க. மங்கலான மூடியை கண்ணுக்கு பாதி மட்டும் மறைக்கற மாதிரி போட்டா, மறைஞ்ச பாதியோட பின் சுவர் மட்டும் நீளுது. கண் நரம்பை வெட்டி மூளைக்கு சேதி போகாம பண்ணினாலும் நீளுது. எனக்கு இந்த ரெண்டும்தான் இந்த துறையிலயே பெரிய விஷயமா படுது, ஏன்னா கண்ணு எவ்வளவு வளரணும்னு பெரும்பாலும் ரெட்டினாவே அங்கங்க முடிவு பண்ணுது, மூளை உத்தரவுக்கு காத்துட்டு இல்ல. 1988ல ஷேஃபல்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு கோழிக்குஞ்சுக்கு லென்ஸ் மாட்டி, மைனஸ் லென்ஸ் போட்டா கண்ணு நீளறதையும் ப்ளஸ் போட்டா வளர்ச்சி கொறையறதையும் காட்டினாங்க.

அப்போ கோழி போதாதா, சுண்டெலி எதுக்கு? முக்கியமா ஜீனுக்காக. எந்த ஜீனை எடுத்துட்டா என்ன ஆகும்னு சுண்டெலில செஞ்சு பாக்கற வசதி வேற எந்த பாலூட்டிலயும் அவ்வளவு சுலபமா இல்ல, அந்த ஜீன் நீக்கற முறைக்குத்தான் 2007ல நோபலே குடுத்தாங்க. இன்னொண்ணு, கோழியோட வெள்ளை விழிச் சுவருல குருத்தெலும்பு அடுக்கு ஒண்ணு இருக்கு, நமக்கு அது கிடையாது, நார்தான். சுண்டெலிக்கும் நார்தான். நீண்ட கண்ணுல சுவரு எப்படி மெலியுதுன்னு கேட்டா கோழியை விட எலிதான் நமக்கு கிட்ட வருது.

ஆனா எலிக்கண்ணை அளக்கறது இருக்கே, அங்கதான் கஷ்டம் எல்லாம். நான் மேல சொன்ன ஏ-ஸ்கேன்ல 0.1 மில்லிமீட்டர் முன்ன பின்ன வர்றது சகஜம், மனுஷ கண்ணுக்கு அது கால் டயாப்டர், கண்ணாடி கடையில கண்டுக்க மாட்டாங்க. சுண்டெலி கண்ணு மொத்தமே 3.3 மில்லிமீட்டர் சொச்சம். அதுல 5ல இருந்து 6 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நீண்டாலே ஒரு டயாப்டர் மாறிடும், ஒரு தலைமுடி தடிமன்ல பத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க. என் 0.1 மில்லிமீட்டர் தப்பை எலிக்கண்ணுல போட்டா 15 டயாப்டருக்கு மேல தப்பு. அதனால மைக்ரான் கணக்குல பாக்கற ஓசிடி மெஷின் வேணும், பவர் பாக்க இன்ஃப்ராரெட் லைட்ல போட்டோ எடுத்து கணக்கு போடற கருவி வேணும். சின்ன கண்ணுல இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு, வெளிச்சம் திரும்பி வர்ற அடுக்கும் உண்மையா பாக்கற அடுக்கும் வேற வேற எடத்துல இருக்கறதால, நார்மல் கண்ணே நல்ல ப்ளஸ் பவரா தெரியும். ஆகவே எலிக்கு இத்தனை பவர்னு ஒரு கண்ணை மட்டும் வச்சு சொல்றதுல அர்த்தம் கம்மி, சோதனை கண்ணுக்கும் அதே எலியோட மறு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பாக்கணும். இந்த பொண்ணு கேஸ்ல நானும் அதைத்தான் செஞ்சிருக்கேன், வலது கண்ணுதான் அளவுகோல்.

செய்முறைன்னு பாத்தா, மூணு வாரக் குட்டியா இருக்கும்போது ஆரம்பிக்கறாங்க, பெரும்பாலும் சி57பிஎல்/6ங்கற கருப்பு எலி. மண்டை ஓட்டு மேல சின்னதா ஒரு பிடி ஒட்டி, அதுல ஃபிரேம் மாட்டி, ஒரு கண்ணுக்கு மைனஸ் லென்ஸோ மங்கல் மூடியோ, இன்னொரு கண்ணுக்கு பவர் இல்லாத லென்ஸோ சும்மாவோ. பிடி இல்லாம சும்மா ஒட்டினா காலால பிச்சு எறிஞ்சிடும். ஜப்பான்ல கேயோ பல்கலைக்கழகத்துக்காரங்க -30 டயாப்டர் லென்ஸை மூணு வாரம் மாட்டி வைக்கறாங்க. -30ஆன்னு மலைக்காதீங்க, எலி பார்வை அவ்வளவு மோசம், ரெட்டினாவோட நடுவுல நம்மள மாதிரி கூர்மையான குழி கிடையாது, ராத்திரி ஜீவன், கண்ணுக்குள்ள பாதிக்கு மேல லென்ஸே அடைச்சிட்டு இருக்கும். சின்ன மங்கலை அது கண்டுக்காது. நம்ம நாட்டுல இப்படி எலியை வச்சு எதையும் செய்யணும்னா நிறுவனத்தோட விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாம ஒரு எலியைக்கூட தொட முடியாது, 1960 வதைத் தடுப்புச் சட்டத்துக்கு கீழதான் எல்லாம் வரும்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன கெடச்சுது? 2007ல ஈஜிஆர்-1ங்கற ஜீன் இல்லாத எலிக்கு கண்ணு நீளமாகி மைனஸ் பக்கம் போகுதுன்னு பாத்தாங்க, கோழில அதே ஜீன் வளர்ச்சியை நிறுத்தற சிக்னல் மாதிரி நடந்துக்கறது முன்னமே தெரியும். 2008ல நிக்ஸ் ஜீன் பழுதான எலிங்க, அதுங்களுக்கு ரெட்டினால வெளிச்சம் வந்துச்சுங்கற சேதி ஒரு கட்டத்துக்கு மேல கடக்காது, ரெட்டினா சுரக்கற டோபமைன்ங்கற ரசாயனமும் கம்மி, மூடி மாட்டினா மத்த எலியை விட வேகமா மைனஸ் ஆகுது. இந்த நிக்ஸ் ஜீன் பழுது மனுஷங்களுக்கும் இருக்கு, மாலைக்கண்ணும் பெரிய மைனஸும் சேந்து வரும். எலி சொல்றது மனுஷனுக்கு நேரா பொருந்தற எடம் இது, எனக்கு எலி மேல நம்பிக்கை வந்ததே இதை படிச்சப்புறம்தான். 2021ல கேயோ குழு ஊதா வெளிச்சம் எலில மைனஸ் ஏறாம தடுக்குதுன்னும், அதுக்கு ரெட்டினால உள்ள நியூரோப்சின்ங்கற புரதம் வேணும்னும் காட்டினாங்க. இங்க மட்டும் நான் கொஞ்சம் தள்ளி நிப்பேன், எலி லென்ஸ் ஊதா, அல்ட்ரா வயலெட் எல்லாத்தையும் தாராளமா உள்ள விடும், நம்ம லென்ஸ் அவ்வளவு விடாது, வயசாக ஆக இன்னும் கம்மி.

என்ன செஞ்சோம்

முதல் வேலை இமையை தூக்கறது. தசைக்கு வலு இல்லாததால, இமையை நெத்தி தசையோட சேத்துக் கட்டற ஸ்லிங் ஆபரேஷன்தான் பண்ண முடியும்னு டாக்டர் சொன்னாங்க, பண்ணினாங்க. அதுக்கப்புறம் தூங்கும்போது கண்ணு லேசா தொறந்தே இருக்கும், பாட்டி அதை பாத்து பயந்து போய் விடிகாலைல போன் பண்ணி "புள்ள கண்ணை தொறந்துட்டே தூங்குதுங்களே"ன்னாங்க. இது எதிர்பாத்ததுதான், ராத்திரி ஆயின்மென்ட் போட்டுட்டு படுக்க வச்சா போதும், இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல பெரியவங்க எல்லாரையும் உக்கார வச்சு சொல்லிடறது நல்லது.

ரெண்டாவது கண்ணாடி, முழு பவரும் குடுத்தோம். ரெண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தா கான்டாக்ட் லென்ஸ்தான் புஸ்தகப்படி சரி, ஆனா தக்காளி காட்டுல மண்ணு கையோட திரியற புள்ளைக்கு அதை தெனம் கழட்டி மாட்டி கழுவி வைக்கறது நடக்காத காரியம், இன்ஃபெக்ஷன் வந்தா இருக்கற பார்வையும் போயிடும். கண்ணாடியே போட்டா, குழந்தைங்க நாம நெனைக்கறதை விட நல்லா பழகிக்கறாங்க.

மூணாவது சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது சின்னதுல இருந்து தெளிவா பாக்காம பார்வை வளராம போன கண்ணுக்கு, பேட்ச், நல்ல கண்ணை நாளைக்கு 6 மணி நேரம் மூடணும். இங்கதான் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. இமை மூடி இருந்ததால கண்ணு நீண்டுச்சுன்னு நான் விளக்கி முடிச்சிருந்தேன், ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "அப்போ நல்ல கண்ணை இப்படி மூடி வச்சா அதுவும் நீண்டுக்காதா மேடம்?" எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. ஆராய்ச்சி பண்றவங்க கேட்டு, சோதனை வச்சு பதில் தேடின கேள்வி இது. கோழிலயும் குரங்குலயும் கண்ணை நாள் பூரா மூடி வச்சிட்டு நடுவுல கொஞ்ச நேரம் மட்டும் தெளிவா பாக்க விட்டா, அந்த கொஞ்ச நேரமே நீளறதை பெருமளவு தடுத்துடுது, வளர்ச்சியை நிறுத்தற சிக்னல் தூண்டற சிக்னலை விட வலுவா வேலை செய்யுது. இவளுக்கு 6 மணி நேரம் போக முழிச்சிருக்கற மிச்ச நேரம் எல்லாம் தெளிவான பார்வைதான். இதை அப்படியே சொன்னேன், கூடவே ஒவ்வொரு தடவை வரும்போதும் வலது கண்ணோட நீளத்தையும் அளப்போம்னு சொன்னேன். மிருகத்துல வந்த பதிலை நம்பிட்டு அளக்காம விடறது தப்பு.

மைனஸ் ஏறறதை கொறைக்க போடற அட்ரோபின்ங்கற சொட்டு மருந்து பத்தியும் பேச்சு வந்துச்சு, இப்போ எல்லாரும் கேக்கறாங்க. இது எப்படி வேலை செய்யுதுன்னு இன்னும் சண்டை ஓயல, கிட்ட பாக்கும்போது லென்ஸை முறுக்கற தசையை தளர்த்தறதாலன்னு ரொம்ப நாள் நம்பினாங்க, ஆனா கோழில அந்த தசை அட்ரோபினுக்கு அசையவே அசையாது, ஆனாலும் மைனஸ் ஏறறது நின்னு போகுது. அதனால தசை வழியா இல்ல. இந்த கேஸ்ல அது ஒரு குழப்பத்தையும் கொண்டு வரும். 0.01 சதவீதம் மாதிரி குறைஞ்ச அளவு அட்ரோபின் நீளற கண்ணை நிதானப்படுத்த போடறது, 1 சதவீத அட்ரோபின் பேட்சுக்கு பதிலா நல்ல கண்ணை மங்கலாக்க போடறது, ஒரே பேருல ரெண்டு பாட்டில், ரெண்டு கண்ணு, ரெண்டு நேர் எதிரான வேலை. வீட்ல யாராவது மாத்தி விட்டா கதை முடிஞ்சுது. நல்ல கண்ணுல +0.50தான் இருக்கு, அதனால 1 சதவீதம் போட்டாலும் தூரப் பார்வை சரியா மங்காது. ரெண்டும் வேண்டாம், காரணமே இமை, அதை எடுத்தாச்சு, நீளத்தை பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு டாக்டரும் நானும் பேசி விட்டுட்டோம். வேகமா நீண்டிருந்தா நிச்சயம் திரும்ப யோசிச்சிருப்போம்.

நடுவுல தக்காளி பறிப்பு, வெலை ஏறின நேரம், ரெண்டு மூணு மாசம் ஆளையே காணோம். பேட்சும் அப்பப்போதான் போட்டிருக்காங்க, ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்றாங்கன்னு சாயங்காலம் டிவி பாக்கும்போது மட்டும். டீச்சர்கிட்ட பேசினப்புறம் கிளாஸ்லயே போட ஆரம்பிச்சா. ஒரு வருஷம் ஓடினப்புறம் இடது கண்ணு கண்ணாடியோட 6/24. எனக்கு 6/12 வரும்னு ஆசை இருந்துச்சு, ஆனா ஒன்பது வயசுல ஆரம்பிச்சதுக்கு இது மோசம் இல்ல. நீளம் வலது 22.8, இடது 25.3. நல்ல கண்ணு ஒரு வருஷ வயசுக்கு வளர வேண்டிய அளவுதான் வளந்திருக்கு, பவர் இன்னும் ப்ளஸ்லயே இருக்கு, அம்மாவோட கேள்விக்கு அவ கண்ணே பதில் சொல்லிடுச்சு. இடது கண்ணும் அதே 0.1தான், இது ஏ-ஸ்கேனோட தப்பு அளவுக்குள்ளயே வர்றதால ரெண்டும் நின்னுடுச்சுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா வித்தியாசம் 2.5லயே நிக்குது, கூடல.

கொறையவும் இல்ல. குட்டி கோழில, குரங்குல மூடியை கழட்டினா நீண்ட கண்ணு வளர்ச்சியை நிறுத்திட்டு ஓரளவு சரி பண்ணிக்கும், அதுக்கு இன்னும் வளர வேண்டிய வயசு பாக்கி இருக்கணும். ஒன்பது வயசுல 25 மில்லிமீட்டர் தாண்டின கண்ணு பெரியவங்க சராசரி 23.5ஐ எப்பவோ கடந்து போயாச்சு, திரும்பி வராது. ஆபரேஷன் பண்ணினா பவர் போயிடுமான்னு கேட்ட அப்பாகிட்ட இதை நேராவே சொன்னேன், பவர் இருக்கும், பார்வை ஏறும், ரெண்டும் வேற வேற.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கான், ரெண்டு வயசு, தாத்தா கதையை கேட்டதால அவனையும் கூட்டிட்டு வர சொல்லி பாத்தோம், ரெண்டு இமையும் சமமா இருக்கு, சொட்டு விட்டு பாத்த பவரும் வயசுக்கு சரி. அக்காவுக்கு வருஷம் ஒரு தடவை பாப்பாவை விரிச்சு ரெட்டினா ஓரம் வரைக்கும் பாக்கணும். நடுவுல இடது கண்ணுல மின்னல் வெட்டற மாதிரி தெரிஞ்சாலோ, கருப்பு புள்ளி கொட்டினாலோ, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னைக்கே கெளம்பி வந்துடணும், சந்தை நாளா இருந்தாலும் சரின்னு சீட்டுல எழுதி அப்பா கையில குடுத்திருக்கேன்.